மூன்றாவது அழைப்பு

கள்ளக்குறிச்சி சார்பு நீதிமன்றத்தில் ஒருவருடைய பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு முறையும் அலுவலக உதவியாளர் உபகாரமேரி நீதிமன்றக் கூடத்தின் வாசலில் நின்று கூப்பிடுவாள். மூன்றாவது முறைக்குப் படியிறங்கி, வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி, வெளி கேட்டுக்கே போய்விடுவாள். அது விதியில் இல்லை. அவளாகச் செய்வது. பதினோரு வருடமாகச் செய்வது.

அறுபத்திரண்டு எட்டு போக, அறுபத்திரண்டு எட்டு வர. ஒரு நாளைக்கு ஐந்து முறையும் நடப்பாள், பதினைந்து முறையும் நடப்பாள். மாதா கோயில் பாடற்குழுவில் முப்பது வருடம் பாடிய குரல். அவள் கணவர் செபாஸ்தியான் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு யாராவது வந்தால் போதும், "எங்க வூட்ல சாப்பாட்டுக்குக்கூட மூணு தடவை கூப்புடுவாங்க. மூணாவதுக்குள்ள போவலைன்னா தட்டைக் கழுவி வெச்சிடுவாங்க" என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்த நடை தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. பழனி என்று ஒருவர், கல்வராயன் மலையில் மேற்குக் கோடியில் இருக்கும் சிற்றூர்க்காரர். நில வழக்கு. அன்றைக்கு அவர் பெயரை வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டாள் உபகாரமேரி. யாரும் வரவில்லை. 'மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை' என்று எழுதி, எதிர்த்தரப்புக்குத் தீர்ப்பாகிவிட்டது. சாயங்காலம் கேட்டைப் பூட்டப் போனபோது, வெளிச்சுவர் ஓரம் புங்க மரத்தடியில் ஒருவர் வெள்ளைத் துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் முதல் பஸ்ஸில் இறங்கியவர். "இன்னும் என்னைக் கூப்புடலிங்களா தாயி?" என்று கேட்டார்.

உபகாரமேரிக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் போய் நின்றுவிட்டது. "உள்ள வந்திருக்கலாமே ஐயா" என்றாள். அப்போதுதான் அவர் சொன்னார். அவர்கள் பக்கத்து நாலைந்து ஊர்களில் பஞ்சாயத்து கூடினால், வழக்குக்காரர் தானாகப் போய் நிற்க மாட்டார். எல்லைக் கல்லுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். உள்ளிருந்து ஓர் ஆள் நடந்து வந்து, முகத்தைப் பார்த்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, முன்னால் நடந்து அழைத்துப் போவார். கூப்பிட ஆள் வராமல் நுழைந்தால், நியாயம் கேட்க வந்தவர் இல்லை, சண்டைக்கு வந்தவர் என்று ஆகிவிடும். அவர் மரியாதையாக இருந்தார். மரியாதையாக இருந்ததாலேயே தோற்றுப்போனார். அந்தத் தீர்ப்பை நீக்கி வழக்கைத் திரும்ப எடுக்க நாலு வருடம் ஆயிற்று.

மறுநாள் காலையிலிருந்து மூன்றாவது அழைப்பு கேட்டுக்குப் போனது.

யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்போது இருந்த நீதிபதி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் கேட்கவில்லை. கடவுள் கண்ணை மூடிக்கொண்டு உதவுகிறார் என்று உபகாரமேரி நினைத்துக்கொண்டாள்.

*

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. நீதிமன்றங்கள் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக, இருக்கிற கட்டடங்களில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. சாட்சிக் கூண்டுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். மழைக்காலத்தில் வழக்குக் கட்டுகளை மேசைக்கு மேசை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால், ஊருக்கு வெளியே ஒரே வளாகத்தில் பதினொரு நீதிமன்றங்களுக்கும் சேர்த்துப் புதுக் கட்டடம் வரப்போகிறது என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். உபகாரமேரிக்கும்தான். முதல் நாள் சேதி கேட்டதும் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

பொதுப்பணித் துறையிலிருந்து சந்தியா என்ற உதவிப் பொறியாளர் வந்தாள். உளுந்தூர்பேட்டைப் பெண், முப்பது வயது இருக்கும். ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் எவ்வளவு இடம் வேண்டும், யார் எங்கே உட்காருகிறார்கள், எந்த அறைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று வாரம் முழுக்க அளந்து எழுதினாள். திங்கட்கிழமை, தலைமை எழுத்தர் செல்லமுத்துவின் மேசையில் வரைபடத்தை விரித்துவைத்தாள். அது திரும்பத் திரும்பச் சுருட்டிக்கொண்டது. உபகாரமேரி கொண்டுவந்த தேநீர் டம்ளர்களை மூலைக்கொன்றாக வைத்து அடக்கினார்கள்.

"நாலு மாடிங்க சார். லிஃப்ட் ரெண்டு. பெண்களுக்குத் தனி அறை, பால் கொடுக்கிற அம்மாக்களுக்குத் தனி அறை, சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை, சின்னப் பசங்க சாட்சி சொல்றதுக்குத் தனி அறை, தனி வழி" என்று சந்தியா ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவள் விரல் நகரும் இடமெல்லாம் பெருமை தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த உபகாரமேரிக்கும் அது தொற்றிக்கொண்டது. நம் ஊருக்கு இப்படி ஒன்றா!

"நம்ம கோர்ட்டு எங்க மேடம்?" என்று கேட்டாள்.

"இதோ, மூணாவது மாடி. வடக்கு ஓரம். நல்ல வெளிச்சம் வரும்மா."

"கேட்டு?"

"கேட்டு இங்க, தெற்கால. மெயின் ரோட்டுல."

"நடுவுல எம்மாந்தூரம் இருக்கும்?"

"இருநூத்திப் பத்து மீட்டர். முன்பக்கம் தரைத்தளம் பூரா வக்கீலுங்க கார் நிறுத்தறதுக்கு. அதுக்கு முன்னாடி தோட்டம்."

உபகாரமேரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று மாடி இறங்கி, இருநூற்றுப் பத்து மீட்டர் போய், திரும்பி வந்து, மூன்று மாடி ஏறினால் பத்து நிமிடம். எந்த நீதிபதி பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்? அது போகட்டும். அவளுக்கே இன்னும் பதினான்கு மாதம்தான் பணி. கட்டடம் முடிய இரண்டு வருடம். அவள் இருக்கும்வரை இந்தப் பழைய இடத்தில் நடந்துவிடுவாள். அதற்கப்புறம் வருகிறவர் மூன்றாவது மாடி வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுவார். விதிப்படி. கேட்டுக்கு வெளியே ஒரு பழனி துண்டை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அப்ப கேட்டாண்ட இருக்கறவங்களை எப்பிடிங்க மேடம் கூப்புடறது?"

"எதுக்கும்மா கேட்டுக்குப் போகணும்? மாடிக்கு மாடி ஸ்பீக்கர் இருக்கு. டிவி திரையில வழக்கு நம்பரும் பேரும் ஓடும். வேணும்னா கேட்லயும் ஒரு ஸ்பீக்கர் போட்டுடலாம்."

செல்லமுத்து தொண்டையைக் கனைத்தார். சந்தியா கைபேசியில் பேச வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினார். "இன்னா மேரிம்மா, சும்மா இருக்கமாட்டியா? வாசல்ல மூணு தடவைன்னுதான் இருக்கு. நீ வாசலை வுட்டுட்டு கேட்டுக்குப் போய்க்கினு இருக்கறது மேல தெரிஞ்சா உனக்கும் மெமோ, பார்த்துக்கினு இருந்த எனக்கும் மெமோ. உனக்கு பதினாலு மாசம். எனக்கு ஆறு வருஷம் இருக்கு, தாயே!"

"நான் ஒண்ணும் சொல்லலிங்க சார்."

"ஒண்ணும் சொல்லாமயே இவ்ளோ கேக்கற. சொன்னா இன்னா ஆவும்?"

செல்லமுத்து கெட்டவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். பயந்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்பது உபகாரமேரியின் கொள்கை. காலியான டம்ளர்களை எடுத்தாள். வரைபடம் மறுபடி சுருண்டுகொண்டது.

*

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மலையிலிருந்து முதல் பஸ் வந்தது. புங்க மரத்தடியில் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ராஜாம்பாள் என்ற பெண், அறுபதைத் தாண்டியவள். பங்காளி ஒருவனோடு வரப்புத் தகராறு, மூன்று வருடமாக வாய்தாவுக்கு வந்துகொண்டிருக்கிறாள். வெற்றிலை வாயும் வெடுக்கென்ற பேச்சுமாக இருப்பாள்.

சந்தியா ஒரு சின்ன ஒலிபெருக்கியோடு வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் வராந்தாவில் நின்று, உபகாரமேரி கேட்டுக்குப் போவதையும் வருவதையும் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் நேராகவே கேட்டுவிட்டாள். உபகாரமேரிக்குப் பொய் சொல்ல வராது. பழனியைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

"சரி, அவங்களுக்குக் கேக்கலை, அதானே பிரச்சினை? கேக்க வெச்சுடலாம்மா" என்றாள் சந்தியா. உபகாரமேரியின் குரலையே கைபேசியில் பதிவு செய்துகொண்டு, ஒலிபெருக்கியைக் காவலாளியின் நாற்காலியில் கேட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். நீதிமன்றம் கூட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. இருவரும் சுவருக்கு உட்புறம் நின்றார்கள். சந்தியா கைபேசியை அழுத்தினாள்.

"ராஜாம்பாள்... ராஜாம்பாள்... ராஜாம்பாள்..." என்று கணீரென்று எழுந்தது குரல். எதிர்ச் சாரியில் டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

நாலு பேரும் எழுந்து நின்றார்கள். ராஜாம்பாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேட்டைப் பார்த்து நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். ஓர் எட்டுகூட எடுத்து வைக்கவில்லை.

சந்தியா மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் குரல். இப்போது அவர்களில் ஒருவர் மரத்துக்குப் பின்னால் போய்த் தேடினார். இன்னொருவர் சுவரை எட்டிப் பார்த்தார்.

"மேரியம்மா கொரலு வருது, மேரியம்மாவைக் காணலியே" என்றார் அவர்.

"தொண்டை கட்டிக்கினு உள்ள படுத்துக்கினு கூப்புடுதோ இன்னாவோ" என்றாள் ராஜாம்பாள். "வரட்டும், வரட்டும். அவசரம் இன்னா?"

உபகாரமேரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சந்தியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போய் ராஜாம்பாள் முன் நின்றாள்.

"அம்மா, உங்க பேருதானே கூப்பிட்டுது?"

"ஆமா தாயி. என் பேருதான்."

"அப்ப ஏன் உள்ள போகலை?"

ராஜாம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ இன்னா, படிச்ச பொண்ணா?"

"ஆமா."

"உங்க பெரியப்பன் வூட்ல கல்யாணம். பத்திரிகை வெக்க ஒருத்தரும் உன் வூட்டுக்கு வரலை. ரேடியோவுல உங்கப்பன் பேரைச் சொல்லி வாங்கன்னு சொல்றாங்க. உங்கப்பன் போவாரா?"

சந்தியா ஒலிபெருக்கியை அணைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

பிறகு உபகாரமேரியிடம் மட்டும் சொன்னாள். போன தையில் அவளுடைய சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்து நேரில் வந்து அழைக்காமல், பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அவள் அப்பா போகவில்லை. அம்மாவையும் போக விடவில்லை. கல்யாண மண்டபம் நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. அன்று முழுக்க அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், யாராவது ஒருவர் வந்து கூப்பிட்டால் போய்விடுவார்போல. "எங்கப்பாவை நான் பிடிவாதக்காரர்னு திட்டினேம்மா" என்றாள் சந்தியா. "இவங்களைப் பார்த்தப்புறம்தான் புரியுது."

மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவைப்படுவதில்லை. தன் வீட்டு வாசலை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும்.

"வெள்ளிக்கிழமை வரைபடத்தை முடிவு பண்ற கூட்டத்துல நீங்க பேசணும்மா" என்றாள் சந்தியா.

"நானா? நான் டீ குடுக்க வர்றவ மேடம்."

"டீ குடுத்துட்டுப் பேசுங்க."

*

வெள்ளிக்கிழமை விடிகாலைப் பூசையில் உபகாரமேரி நீண்ட நேரம் முழங்காலில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் செபாஸ்தியான் கேட்டார், "மாதாகிட்ட இன்னா கேட்ட?"

"வாயைத் தொறந்தா ஒளறாம இருக்கணும்னு."

"நாப்பது வருஷமா நானும் அதான் வேண்டிக்கினு இருக்கேன். கேக்க மாட்டேங்கறாங்க" என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "மெமோ குடுத்தா வாங்கிக்கினு வா. ஃப்ரேம் போட்டு மாட்டிடுவோம்" என்றார். அவர் சொன்ன ஆறுதல்களிலேயே அதுதான் நல்ல ஆறுதல்.

மாலை நாலரை மணி. மாவட்ட நீதிபதியின் அறைக்குப் பக்கத்துக் கூடத்தில் நீண்ட மேசை. தலைப்பக்கத்தில் மாவட்ட நீதிபதி. ஒரு பக்கம் பொதுப்பணித் துறையின் செயற்பொறியாளரும் சந்தியாவும். மறுபக்கம் உபகாரமேரியின் நீதிமன்றத்து சார்பு நீதிபதி நிர்மலாவும், வழக்கறிஞர் சங்கச் செயலர் வெங்கடேசனும். ஓரத்தில் குறிப்பெடுக்கச் செல்லமுத்து. வரைபடம் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. நூலகம், வங்கிக் கிளை, சமரச மையம் எல்லாவற்றுக்கும் தலையசைத்துக்கொண்டே போனார்கள். உபகாரமேரி தேநீர் கொடுத்துக்கொண்டே போனாள்.

"காத்திருப்புக் கூடம்" என்றார் செயற்பொறியாளர். "மாடிக்கு ஒண்ணு. எல்லாத்துலயும் ஒலிபெருக்கி. இது முடிஞ்சா வரைபடம் சென்னைக்குப் போயிடுங்கய்யா."

சந்தியா எழுந்தாள். "ஐயா, அதைப் பத்தி நான் சொல்றதைவிட, சொல்லவேண்டியவங்க இங்க இருக்காங்க." அவள் கை உபகாரமேரியைக் காட்டியது.

எல்லோரும் திரும்பினார்கள். உபகாரமேரியின் கையில் தட்டு. தட்டில் கடைசி டம்ளர், அது செல்லமுத்துவுக்கு. அவர் முகம் அந்த டம்ளரை வாங்கும் நிலையில் இல்லை. தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயா மன்னிக்கணுங்க. நான் பதினோரு வருஷமா ஒரு தப்பு பண்ணிக்கினு வர்றேன்" என்று ஆரம்பித்தாள். "மூணாவது கூப்பாட்டை நான் வாசல்ல கூப்புடறது இல்லிங்க. கேட்டாண்ட போய்தான் கூப்புடறேன்."

பழனியைப் பற்றிச் சொன்னாள். மலைக்காரர்களின் எல்லைக் கல்லைப் பற்றிச் சொன்னாள். புதன்கிழமை ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்லும்போது வெங்கடேசன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அவங்களுக்கு காது நல்லாத்தான் கேக்குதுங்க. மரியாதைக்காக உக்காந்துக்கினு இருக்காங்க. நாம போய்க் கூப்புட்டா வர்றாங்க. என் காலம் முடிஞ்சிடும். அதுக்கப்புறமும் ஒரு ஆள் போய்க் கூப்புடணும். அதுக்கு ஒரு வழி வெச்சுக் கட்டினா நல்லாருக்குங்க." அவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல இருந்தது.

செயற்பொறியாளர் பேனாவை மூடினார். "நாலைஞ்சு ஊர் ஜனங்களுக்காக மொத்த வரைபடத்தையும் மாத்த முடியுமாங்கய்யா? தவிர, ஒவ்வொரு வழக்குக்கும் இவங்க நடந்து போய் வந்தா, நீதிமன்றம் காத்துக்கிட்டு நிக்கணுமே?"

மாவட்ட நீதிபதி, நிர்மலாவைப் பார்த்தார். "அது உங்க நீதிமன்றம்தானேம்மா? உங்களுக்குத் தெரியுமா?"

உபகாரமேரி தரையைப் பார்த்தாள். தன்னால் நீதிபதி அம்மாவுக்கும் கெட்ட பெயர் வரப்போகிறதே என்று நினைத்தாள்.

"தெரியுங்கய்யா" என்றார் நிர்மலா. "நான் பொறுப்பேத்துக்கிட்ட அன்னைக்கு, எனக்கு முன்னால இருந்தவர் பீரோ சாவியைக் கொடுத்துட்டு ஒரு விஷயம் சொன்னார். 'ரெண்டாவது அழைப்புக்கு அப்புறம் மேரியம்மா வெளியே போவாங்க. எதுவும் கேட்காதீங்க. மனசுக்குள்ள நூறு எண்ணுங்க. பெரும்பாலும் தொண்ணூறுக்குள்ள ஆளோட வந்துடுவாங்க' அப்படின்னார். அவருக்கும் அவருக்கு முன்னால இருந்தவர் சொல்லிட்டுத்தான் போனாராம். நான் நாலாவது ஆள் ஐயா. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

உபகாரமேரி தலையைத் தூக்கினாள். நாலு நீதிபதிகள். அவள் வெயிலில் நடந்துகொண்டிருந்தபோதெல்லாம், உள்ளே ஒருவர் கட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு அவளுக்காக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவர் போகும்போது அடுத்தவரிடம் சாவியோடு சேர்த்து அதையும் ஒப்படைத்திருக்கிறார். கடவுள் கண்ணை மூடிக்கொண்டு உதவுகிறார் என்று அவள் நினைத்தது தப்பு. கண்ணைத் திறந்துகொண்டேதான் உதவியிருக்கிறார். மனிதர்கள் உருவில், நூறு எண்ணி.

அப்போது யாரும் எதிர்பாராத ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. செல்லமுத்து எழுந்து நின்றார். நெற்றி வேர்த்திருந்தது.

"ஐயா, நேத்து சாயங்காலம் பழைய டைரியெல்லாம் எடுத்துப் புரட்டிப் பார்த்தேங்க. பதினோரு வருஷத்துல அந்த ஊர்க்காரங்க பேருல 'மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை'ன்னு எங்க கோர்ட்ல ரெண்டே ரெண்டு தடவைதான் எழுதியிருக்கு. ஒருத்தர் இறந்துட்டார்ங்க. இன்னொருத்தர் மிளகு பறிக்க கேரளா போயிருந்தார். மத்தபடி கூப்புட்ட அத்தினி பேரும் வந்திருக்காங்க."

"இறந்தவரை மட்டும் மேரியம்மாவால கொண்டுவர முடியலை" என்றார் வெங்கடேசன். இந்த முறை மாவட்ட நீதிபதியும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் சந்தியா சுவரில் இருந்த வரைபடத்துக்குப் போனாள். இரண்டு இரவாக யோசித்து வைத்திருந்தாள் என்பது அவள் பேசிய வேகத்திலேயே தெரிந்தது. மலை வழக்குகள் அதிகம் வருவது இரண்டு நீதிமன்றங்களுக்கு. அந்த இரண்டையும் மூன்றாவது மாடியிலிருந்து தரைத்தளத்தின் முன்பக்கத்துக்குக் கொண்டுவரலாம். தோட்டத்தைச் சுருக்கிக் கேட்டையொட்டி மூன்று பக்கமும் திறந்த ஒரு காத்திருப்புக் கூடம், தண்ணீரும் கழிப்பறையும் பக்கத்திலேயே. கூடத்திலிருந்து நீதிமன்ற வாசல்வரை கூரை போட்ட ஒரு நடை. "நாப்பத்தஞ்சு மீட்டர்தாங்கய்யா. இப்ப மேரியம்மா நடக்கிற அதே தூரம். நான் அளந்து பார்த்துட்டேன்."

"முன்பக்கத் தரைத்தளத்துல கார் நிறுத்தம் இருக்கேம்மா" என்றார் செயற்பொறியாளர்.

"அதைப் பின்பக்கம் கொண்டு போகணும் சார். பின்பக்கம் கூரை கிடையாது."

எல்லோரும் வெங்கடேசனைப் பார்த்தார்கள். வக்கீல்களின் நிழல் அது. அதற்காகச் சங்கம் இரண்டு தீர்மானம் போட்டிருந்தது.

வெங்கடேசன் கன்னத்தைச் சொறிந்தார். "இதை நான் விட்டுக்கொடுத்துட்டு வந்தேன்னு தெரிஞ்சா சங்கத்துல என்னைத் தூக்கிடுவாங்க" என்றார். "உண்மையைச் சொல்லணும்னா, மேரியம்மா கேட்டுக்குப் போய் வர்ற நேரத்துலதான் நம்ம ஆளுங்க பாதிப் பேர் கட்டையே பிரிச்சுப் படிக்கிறாங்க. அந்த நன்றிக்கடன் இருக்கு. காரு வெயில்ல நிக்கட்டுங்கய்யா. நான் சங்கத்துல பேசிக்கறேன்."

செயற்பொறியாளர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "சுவர் வரிசை மாறாது. தூண் இடம் மாறாது. பத்து நாள் வேணும்" என்றார். அது சம்மதம்தான். பொறியாளர்கள் சம்மதத்தை அப்படித்தான் சொல்வார்கள்.

மாவட்ட நீதிபதி செல்லமுத்துவிடம், "எழுதிக்குங்க" என்றார். புது வளாகத்தின் தேவைப் பட்டியலில் சேர்க்க வேண்டியதை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "மூன்றாவது அழைப்பு, காத்திருப்புக் கூடத்தில், நேரில். பணியாளர் ஒருவர் நடந்து சென்று, உரியவரின் முன் நின்று, பெயர் சொல்லி அழைத்து, உடன் வரவேண்டும். இது வளாகத்தின் எல்லா நீதிமன்றங்களுக்கும் பொருந்தும். அதற்கான நடைபாதை வரைபடத்தில் காட்டப்பட வேண்டும்." பிறகு உபகாரமேரியைப் பார்த்து, "தப்புன்னு சொன்னீங்களே அம்மா, அதை இன்னையிலேர்ந்து முறைன்னு ஆக்கியாச்சு" என்றார்.

கூட்டம் கலையும்போது வருகைப் பதிவுத் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். உபகாரமேரி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். செல்லமுத்து தாளைக் கொண்டுவந்து அவள் முன் நீட்டினார். "நீயும் போடு மேரிம்மா. கூட்டத்துல பேசினவங்க போட்டே ஆவணும். இதுதான் விதி" என்றார்.

செயற்பொறியாளரின் பெயருக்குக் கீழே அவள் தன் பெயரை எழுதினாள். பதவி என்ற கட்டத்தில் 'அலுவலக உதவியாளர்' என்று ஓர் எழுத்துகூடச் சுருக்காமல் எழுதினாள். பெருமை பாவம் என்று மறைக்கல்வியில் படித்தவள். ஆனால் அந்தச் சாயங்காலம் அவள் நெஞ்சில் இருந்தது பாவம் மாதிரி கனக்கவில்லை.

*

ராஜாம்பாளின் அடுத்த வாய்தா மூன்று வாரம் கழித்து வந்தது. உபகாரமேரி இரண்டு முறை வாசலில் கூப்பிட்டுவிட்டு, வழக்கம்போலக் கேட்டுக்குப் போனாள். ராஜாம்பாள் மரத்தடியில் எழுந்து நின்றிருந்தாள்.

"ராஜாம்பாள்" என்று முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள் உபகாரமேரி. "வாங்கம்மா. ஜட்ஜம்மா கூப்புடறாங்க."

இருவரும் நடந்தார்கள். நடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், உபகாரமேரி அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள். புதுக் கட்டடம் வருது, கேட்டாண்டயே உங்களுக்குன்னு ஒரு கூடம் கட்டறாங்க.

"மழை பேஞ்சா ஒதுங்கலாமா?" என்று கேட்டாள் ராஜாம்பாள்.

"ஒதுங்கலாம். நல்ல கூரை."

"தண்ணி?"

"கொழா இருக்கு. கக்கூஸு இருக்கு. உக்கார பெஞ்சு இருக்கு."

"பெஞ்சு கெடக்குது. கூப்புட நீ வருவியா?"

"எனக்கு வேலை முடிஞ்சிடும்மா அதுக்குள்ள. வேற ஒருத்தங்க வருவாங்க."

ராஜாம்பாள் நின்றுவிட்டாள். "வேற ஒருத்தர்னா? அவங்க நல்லவங்களா இருந்தா வருவாங்க. இல்லாட்டி?"

"நல்லவங்களா இருந்தாலும் இல்லாட்டியும் வரணும்" என்றாள் உபகாரமேரி. அதைச் சொல்லும்போது அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. "வந்து, முன்னால நின்னு, பேரைச் சொல்லிக் கூப்புட்டு, கூடவே அழைச்சிக்கினு போவணும். பெரிய ஜட்ஜையா எழுத்துல போட்டுட்டாரு. நடக்கறதுக்குப் பாதைகூட வரைஞ்சிட்டாங்க."

ராஜாம்பாள் வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப சரி" என்றாள். "எம் பேரனுக்கும் இந்த வரப்புச் சண்டை இருக்கும்போலக்குது. அவன் வந்தாலும் கூப்புட ஆள் இருக்கும். நட, நட. உள்ள பெரியவங்களைக் காக்க வெக்கக் கூடாது."